பிள்ளையார் கோயில் தரையை உடைத்துக்கொண்டு வந்தவள்

கதை மண்ணுக்கடியில் தொடங்குகிறது. கறுப்புப் பின்னணியில் கீறி எடுத்த மாதிரி வெள்ளைக் கோடுகள், நடுவில் குந்தாலியோடு ஒரு வோம்பாட். ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழுமே, குட்டைக் காலும் கட்டை உடம்புமாக, அந்த விலங்கு. அவள் வழி தவறிவிட்டாள். எந்தத் திசையில் போகிறோம், எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதெல்லாம் குழம்பிப்போய், மேலே போனால் போதும் என்று தோண்டிக்கொண்டே இருக்கிறாள். தலைக்கு மேல் இருந்த தளத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால், எதிரே தும்பிக்கையும் தொந்தியுமாகப் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். பேசவும் செய்கிறார்.

அவள் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'டிக்கர்' என்ற வெப்காமிக், அதாவது இணையத்தில் தொடராக வந்த சித்திரக்கதை, இப்படித்தான் ஆரம்பமாகிறது. எழுதி வரைந்தவர் உர்சுலா வெர்னன் என்ற அமெரிக்கர். 700 பக்கங்களுக்கு மேல் ஓடுகிற கதை. எழுத்தும் ஓவியமும் அவர் ஒருவரே. முழுக்கக் கறுப்பு வெள்ளை. 2011-இல் கதையை முடித்தார். மறு ஆண்டே சிறந்த சித்திரக்கதைக்கான ஹ்யூகோ விருது, அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைகளுக்கும் தருகிற பெரிய விருது, அதற்குக் கிடைத்தது. நம் பக்கத்து காமிக்ஸ் வாசகர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வெப்காமிக் படிக்கிறவர்களுக்கு இன்றைக்கு ஒரு சலிப்பு வந்திருக்கும். போனில் கீழே தள்ளிக்கொண்டே படிக்கிற கொரியப் பாணித் தொடர்கள் வந்தபிறகு கதைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எதைத் திறந்தாலும் ஏற்கெனவே படித்த மாதிரி இருக்கிறது. விபத்தில் செத்தவன் வேறு உலகத்தில் கண் விழிக்கிறான். ஏதோ ஒரு நாவலில் வரும் வில்லியின் உடம்புக்குள் ஒரு பெண் புகுந்துகொள்கிறாள். ஊரே ஏளனம் செய்தவனுக்குக் கண் முன்னால் ஒரு பலகை தோன்றி, 'உன் பலம் ஒரு படி கூடியது' என்கிறது. இவற்றில் சிலதை நான் விரும்பிப் படித்திருக்கிறேன். வண்ணமும் வேகமும் அருமையாக இருக்கும். ஆனால் சாகசம் என்றால் அங்கே பெரும்பாலும் நாயகன் நேற்றைவிட இன்று பலமாக அடிப்பதுதான். நூறாவது அத்தியாயத்தில் மலையைப் பிளப்பான். அவன் யார், எதை நம்புகிறான், யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்று கேட்டால் கதையிடம் பதில் இருக்காது.

டிக்கருக்கு வேண்டியதெல்லாம் வீட்டுக்குப் போவதுதான். உலகத்தைக் காப்பாற்ற அவள் வரவில்லை. பழி தீர்க்கவும் வரவில்லை. அவளுடைய ஊர் எங்கோ இருக்கிறது, வந்த சுரங்கத்தில் ஏதோ மந்திரம் புகுந்திருக்கிறது, அந்த வழியே திரும்ப முடியாது. வேறு வழி தேடிப் புறப்படுகிறாள். போகிற வழியில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கடமை வந்து ஒட்டிக்கொள்கிறது. அதை உதறிவிட்டுப் போக அவளால் முடிவதில்லை. 700 பக்கமும் இதுதான். இந்தக் கதை தனித்து நிற்பதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதைச் சொன்னவர் ஒரு தோழி. "பிள்ளையார் வர்ற காமிக்ஸ் ஒண்ணு இருக்கு, படிச்சியா?" என்று கேட்டார். கேட்டதுமே எனக்குக் கொஞ்சம் தயக்கம் வந்தது. மேற்கத்தியக் கதைகளில் நம் சாமிகள் எப்படி வருவார்கள் என்பது பழகிப்போன விஷயம். கதைக்கு ஒரு கீழைத்தேச மணம் வேண்டும் என்பதற்காக மூலையில் ஒரு சிலை இருக்கும், ஊதுபத்தி புகையும், அவ்வளவுதான். அல்லது ஆறு கைகளோடு வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தப் பிள்ளையார் அப்படி இல்லை. பொறுமையானவர். மரியாதையாகப் பேசுகிறார். திடீரென்று தரையைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிற்கிற ஒரு விலங்கிடம் கோபித்துக்கொள்ளாமல் யார், எங்கிருந்து வருகிறாய் என்று விசாரிக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது, அவர் தன்னைப் பற்றிச் சொல்கிற விதம். அவர் முழுக் கடவுள் இல்லையாம், சிலைதானாம். கடவுளின் ஒரு துளி இந்தக் கல்லில் இருந்து பேசுகிறது, கடவுளுக்குத் தெரிந்ததெல்லாம் சிலைக்குத் தெரியாது. மேற்கத்திய வாசகருக்கு இது புதிய கற்பனையாக இருந்திருக்கலாம். பிடித்து வைத்தால் பிள்ளையார் என்று மஞ்சளையும் சாணியையும் பிடித்துவைத்து, அருகம்புல் சொருகி, பூஜை முடிந்ததும் ஆற்றில் கரைக்கிற நமக்கு இது புதிதே இல்லை. ஆற்றங்கரைப் பிள்ளையார், அரசமரத்தடிப் பிள்ளையார், முச்சந்திப் பிள்ளையார் என்று ஊருக்குள் பத்துப் பேர் இருப்பார்கள். எல்லோரும் ஒருவர்தான், ஆனால் அந்தந்தத் தெருக்காரர்களுக்கு அவரவர் பிள்ளையார். அந்த நெருக்கத்தை வட அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பிடித்துவிட்டாரே என்று வியந்து போனேன்.

இன்னொன்றையும் ஒரு தமிழ் வாசகியாகச் சொல்லியே ஆகவேண்டும். வளை தோண்டுகிற ஒரு பிராணி பிள்ளையாரின் காலடியில் வந்து நிற்கிறது. நம் கண்ணுக்கு அந்த இடம் காலங்காலமாக மூஞ்சூறு உட்கார்ந்திருக்கிற இடம். ஆசிரியர் நினைத்துத்தான் வைத்தாரா, தெரியாமல் அமைந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தப் படத்தைப் பார்த்த நொடியிலேயே டிக்கர் இங்கே தற்செயலாக வரவில்லை என்று எனக்குப் பட்டுவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் பாலத்தைக் காவல் காக்கிற சுர்க்கா என்ற ஒரு மூஞ்சூறே கதைக்குள் வந்துவிடுகிறாள்.

டிக்கரின் முழுப்பெயர் நீளமானது: தேவையில்லாமல் சுற்றி வளைத்த சுரங்கங்களைத் தோண்டுபவள். வோம்பாட்டுகளின் வழக்கம் அப்படி. அவர்கள் பொறியாளர் இனம். சாமி கும்பிடுவதில்லை. சாமிகள் இல்லை என்பதல்ல அவர்கள் கட்சி. இருந்தாலும் அவர்களோடு சகவாசம் வைத்தால் வேலை கெடும் என்பதுதான். மந்திரம் என்றாலே முகம் சுளிப்பார்கள். மேற்கத்திய மாயக்கதைகளில் சுரங்கம் தோண்டுகிற இனமாக வருவார்களே, அந்தக் குள்ளர்கள் மீது அவர்களுக்கு இருக்கிற கோபமும் இதனால்தான்: குள்ளர்கள் சுரங்கத்துக்கு ஒழுங்காக முட்டுக் கொடுக்காமல் மந்திரத்தால் தாங்க வைக்கிறார்களாம். மந்திரம் தீர்ந்தால் கூரை விழும், இதெல்லாம் ஒரு வேலையா?

இந்த இடத்தில்தான் நான் டிக்கரிடம் முழுதாக விழுந்தேன். என் அப்பா கட்டட மேஸ்திரி. யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். சத்தம் பொள்ளலாக வந்தால், "பூச்சு விட்டிருக்கு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார். பந்தியில் உட்கார்ந்தால் இலையில் ஊற்றிய ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத் தரையின் வாட்டத்தைச் சொல்லிவிடுவார். அவருக்கு உலகம் இரண்டு வகை, தாங்குகிறது, தாங்காது. மனிதர்களையும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் எடை போடுவார். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

டிக்கர் அப்படியே இருக்கிறாள். கோயிலுக்குள் நுழைந்தாலும் குகைக்குள் போனாலும் அவள் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். பயம் வந்தால் கல்லின் வகையைப் பற்றி யோசிப்பாள். அற்புதம் நடந்தால் அதை எது தாங்கிப் பிடிக்கிறது என்று தேடுவாள். சாகசக் கதைகளில் நாயகர்களுக்கு ஒரு தொழில் இருப்பதாகப் பேருக்குச் சொல்வார்கள். பிறகு அது மறந்துபோகும். இங்கே தொழில்தான் அவளுடைய குணம். கதையின் பெரிய சிக்கல்களை அவள் அவிழ்ப்பதும் ஒரு சுரங்கக்காரியின் மூளையோடுதான். கையில் இருக்கிற குந்தாலி சில இடங்களில் ஆயுதமாகிறது, உண்மைதான். ஆனால் அதைத் தூக்கும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு சங்கடம் இருக்கும். அது வேலை செய்கிற கருவி.

இப்போது எட் என்கிற பாத்திரம்.

இந்தக் கதையை ஒருவர் படிக்கவேண்டும் என்றால் இவனுக்காகப் படிக்கவேண்டும். எட் ஒரு கழுதைப்புலி. தனியாக ஒரு குகையில் வாழ்கிறான். சுவர் முழுக்கச் சித்திரம் வரைந்து வைத்திருக்கிறான், தன் இனத்தின் ஆதிக்கதை உட்பட. நெடுங்காலம் யாரோடும் பேசாததால் அவன் பேச்சு உடைந்து உடைந்து வரும். டிக்கரை ஏதோ ஒரு பெரிய எலி என்று நினைத்து, செல்லமாக, தோண்டுகிற எலிக்குட்டி என்பதுபோல் கூப்பிடுவான். அவனுக்குப் பெயர் கிடையாது. அவனுடைய கூட்டம் அதைத் தின்றுவிட்டது.

உண்மையாகவே தின்றுவிட்டது. இந்தக் கழுதைப்புலிகள் தங்கள் இறந்தவர்களைத் தின்று வழியனுப்புகிறவர்கள். அது அவர்களுக்கு மரியாதை. எட்டுக்கு அந்தச் சடங்கை உயிரோடிருக்கும்போதே அவன் பெயருக்குச் செய்துவிட்டார்கள். இனி அவன் யாரும் இல்லை. அவனோடு பேசக்கூடாது. அவன் இருப்பதாகவே கணக்கில்லை.

ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது என்றால் என்னவென்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. நெருப்பு கொடுக்கமாட்டார்கள், தண்ணீர் கொடுக்கமாட்டார்கள், சாவுக்குக்கூட வரமாட்டார்கள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். செய்தியில் இன்றைக்கும் படிக்கிறோம். அதனால் அந்தப் பக்கங்களை நான் ஒரு கற்பனை இனத்தின் விநோத வழக்கமாகப் படிக்கவில்லை.

அவன் செய்த குற்றம் கொலை. மனைவியைக் கொன்றான். ஏன் என்பது மெதுவாகத்தான் வெளியே வருகிறது. கழுதைப்புலிகளில் பெண்தான் பெரியவள், பலசாலி, கூட்டத்தின் தலைமையும் அவளுடையதுதான். இது கற்பனை இல்லை. ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலிகள் உண்மையிலேயே அப்படித்தான் வாழ்கின்றன. பெண்ணின் தகுதி தாய்வழியாக மகளுக்குப் போகும். வெளியிலிருந்து வந்து சேர்கிற ஆண் கடைசி வரிசையில் நிற்பான். வெர்னன் மினசோட்டாவில் உள்ள மக்கலெஸ்டர் கல்லூரியில் மானுடவியல் படித்தவர். அந்தப் படிப்பு இங்கே வேலை செய்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு சமூகத்தில் கணவனை அடிக்கிற மனைவியை யாரும் தட்டிக் கேட்பதில்லை. எட் அடிகளைத் தாங்கிக்கொண்டே இருக்கிறான். அவளுடைய கை குழந்தையின் மீதும் விழுகிற நிலை வந்தபோது அவளைக் கொன்றுவிடுகிறான்.

நம் ஊரில் இந்தக் கதையை ஆணும் பெண்ணும் இடம் மாறிய நிலையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். அடிபட்டவளைப் பார்த்து, "ஏன் விட்டுட்டுப் போகல?" என்று கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். வெர்னன் அதைத் திருப்பிப்போட்டதில் ஒரு பலன் கிடைக்கிறது. பழகிப்போன காரணங்களும் பழகிப்போன அனுதாபமும் கைக்கு எட்டாமல் போகின்றன. மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அவனை விலக்கிவைத்தவர்களைக் கொடியவர்களாக அவர் வரையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கூட்டத்தின் மூத்தவளான எலும்புநகத் தாய் கூர்மையானவள், வேடிக்கையாகப் பேசுகிறவள், அன்பானவள். அந்தச் சட்டமும் அவர்களுடையதுதான். அது அவனுக்குச் செய்தது என்ன என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல.

டிக்கர் என்ன செய்கிறாள்? அவள் வெளியாள். அந்தச் சட்டம் அவளைக் கட்டுப்படுத்தாது. எதிரே உட்கார்ந்து பேசுகிற ஒருவனைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே. எட் என்று வைத்துவிடுகிறாள். பெரிய உரை இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற சாதாரண ஒழுங்கு, அவ்வளவுதான். அந்த எலிக்குட்டிக்காக எட் பின்னால் என்னென்ன செய்கிறான் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளவேண்டியது அது.

இன்னொரு பாத்திரம் நிழல்குழந்தை. நிழலால் ஆன ஒரு சின்ன உயிர். தான் என்ன இனம் என்றே அதற்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அது பிசாசோ என்று சந்தேகம். சந்தேகப்படக் காரணமும் இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு அது குழந்தை, எல்லாவற்றையும் கேட்கிற குழந்தை. நல்லது என்றால் என்ன, கெட்டது என்றால் என்ன, தான் கெட்டதா என்று டிக்கரிடம் வந்து கேட்கிறது.

இந்தப் பக்கங்கள் எனக்கு இந்தக் காமிக்ஸின் உயரம். இதே கேள்வியை ஒரு ஞானியிடம் கேட்டிருந்தால் அழகாக ஒரு வாக்கியம் சொல்லியிருப்பார், குழந்தை தலையாட்டியிருக்கும். டிக்கர் சுரங்கம் தோண்டுகிறவள். அவளிடம் தத்துவம் இல்லை. தன் ஊரில் தனக்குச் சொல்லித் தந்ததை நினைவுபடுத்திக்கொண்டு ஒரு பதில் சொல்கிறாள். குழந்தை உடனே, 'அப்படியானால் இந்த இடத்தில்?' என்று கேட்கிறது. பதில் அங்கே பொருந்தவில்லை. மறுபடி யோசிக்கிறாள், திருத்துகிறாள். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஒரு பிசாசுக் குட்டிக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கிற வேலை தன் தலையில் விழுந்துவிட்டது, தப்பாகச் சொல்லிவிட்டால் பின்னால் யாரோ சாவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு, கூரைக்கு முட்டுக் கொடுக்கிற அதே கவனத்தோடு, ஒவ்வொரு சொல்லாக வைக்கிறாள். பிள்ளை வளர்த்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவார்கள்.

கதையின் எதிர்த்தரப்பில் நிற்கிற ஜால்ம் என்பவரும் எளிதில் வெறுக்க முடியாத ஆள். முகத்திரை அணிந்த ஒரு சமயப் படையின் தளபதி. தன் கடவுளுக்கும் தன் மக்களுக்கும் ஆபத்து வரக்கூடாது என்று மனதார நினைக்கிறவர். அவருடைய பக்தியில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பக்திக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. பிள்ளையார் சிலை சொல்வதைவிடத் தன் கடமை பற்றித் தனக்கிருக்கிற எண்ணம் அவருக்குப் பெரிதாகப் படுகிறது. சாமியைவிடச் சாமியின் காவலர்கள் கடுமையாக இருப்பதை நாம் பார்க்காததா?

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் குடிக்கிற பூசணிக்காய்கள் வருகின்றன. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ரோமா மக்களிடம் பூசணியும் தர்பூசணியும் ரத்தக்காட்டேரியாக மாறும் என்ற நம்பிக்கை பதிவாகியிருக்கிறது, அதன் வழி வந்தவை. குறி சொல்கிற, ஓடில்லாத ஒரு நத்தை இருக்கிறது. சுர்க்கா பாலத்தில் இருந்த பூதத்தைக் கொன்றதால் அந்தப் பாலத்துக்குத் தானே பூதமாக நிற்கவேண்டிய கட்டாயத்தில் இருக்கிறாள். முன்பு கடற்கொள்ளைக்காரியாக இருந்தவளாம். பாதிக்கு மேல் போனால் பூமிக்கடியில், சாகவும் விடாமல் வைக்கப்பட்டிருக்கிற ஒரு தெய்வத்தைப் பற்றிய பெரிய கதை திறக்கும். இத்தனை விநோதங்களுக்கு நடுவில் டிக்கர் சலித்துக்கொண்டே, ஆனால் கைவிடாமல் நடந்துபோவதில்தான் கதையின் நகைச்சுவை.

குறைகள் உண்டு. ஆரம்பப் பக்கங்களில் ஓவியம் தடுமாறுகிறது. எது நிழல், எது உருவம் என்று உற்றுப் பார்க்கவேண்டிய கட்டங்கள் இருக்கின்றன. நடுவில் ஓரிடத்தில் பயணம் நீண்டுகொண்டே போகும். அங்கே சில வாசகர்கள் நின்றுவிடக்கூடும். பேச்சு அதிகம். ஒரே கட்டத்தில் மூன்று பலூன்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். கொரியத் தொடர்களின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு இது கஷ்டம்தான். ஆனால் நூறு பக்கம் தாண்டியதும் அந்தக் கறுப்பு வெள்ளை கைக்கு வந்துவிடுகிறது. எட்டின் குகைச் சித்திரங்கள் வருகிற பக்கங்களைப் பெரிய திரையில் பாருங்கள். கறுப்பிலிருந்து வெள்ளையைச் சுரண்டி எடுக்கிற அந்தப் பாணியில், சுவரில் வரைந்த விலங்கும் அதைப் பார்க்கிற விலங்கும் ஒரே கையால் வரையப்பட்டவை என்பது மறந்துபோகும். முத்து காமிக்ஸின் பழைய கறுப்பு வெள்ளை இதழ்களோடு வளர்ந்தவர்களுக்கு வண்ணம் இல்லாதது ஒரு குறையாகவே தோன்றாது.

இது எப்படி வெளிவந்தது என்பதும் சொல்லத்தக்க கதை. 2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் காமிக்ஸ் வரைகிறவர்கள் எப்படிப் பிழைப்பது என்ற கேள்வி பெரிதாக இருந்தது. ஜோயி மேன்லி என்பவர் 2002-இல் மாடர்ன் டேல்ஸ் என்ற சந்தாத் தளத்தைத் தொடங்கினார். மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் பல ஓவியர்களின் தொடர்களைப் படிக்கலாம். அதன் கிளையாக, சாகசக் கதைகளுக்கென்றே கிராஃபிக் ஸ்மாஷ் வந்தது. டிக்கர் வளர்ந்தது அங்கேதான். பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அச்சில் கொண்டுவந்தது சோஃபாவுல்ஃப் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகம், ஆறு பாகங்களாக. பின்னர் வாசகர்கள் கூட்டாகப் பணம் போட்டு, எல்லாவற்றையும் ஒரே கனத்த தொகுப்பாகவும் கொண்டுவந்தார்கள்.

ஹ்யூகோவில் சித்திரக்கதைப் பிரிவு 2009-இல்தான் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகளும் கேர்ள் ஜீனியஸ் என்ற இன்னொரு வெப்காமிக்குக்கே விருது போயிற்று. அதை உருவாக்கிய ஃபோலியோ தம்பதி, நான்காம் ஆண்டு மற்றவர்களுக்கு வழிவிட்டு, போட்டியிலிருந்து தாங்களே விலகிக்கொண்டார்கள். 2012-இல் அந்த இடத்துக்கு வந்தது டிக்கர். பெரிய பதிப்பகங்களின் வண்ணப் புத்தகங்கள் வரிசையில் நிற்க, ஒரு சின்னப் பதிப்பகத்தின் கறுப்பு வெள்ளை வோம்பாட் விருதை வாங்கிப் போனாள். 2013-இல் மாயக்கதை இலக்கியத்துக்கான மித்தோப்பீயிக் விருதும் கிடைத்தது. அது வழக்கமாக நாவல்களுக்குப் போகிற விருது.

வெர்னன் பிறகு டி. கிங்ஃபிஷர் என்ற பெயரில் பெரியவர்களுக்கான நாவல்கள் எழுதத் தொடங்கினார். 2023-இல் சிறந்த நாவலுக்கான ஹ்யூகோவும் வாங்கினார். இன்று அவரைத் தெரிந்தவர்களில் பலருக்கு அந்த நாவல்கள்தான் தெரியும். அவற்றில் எனக்குப் பிடித்த குணங்கள், கடவுள்களிடமும் காரியமாகப் பேசுகிற நடைமுறைப் பெண்கள், பயத்துக்கு நடுவில் வருகிற சிரிப்பு, எல்லாமே டிக்கரில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஒரு பதிப்பகத்து ஆசிரியரிடம் இந்தக் கதையை முதலில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நாயகி வோம்பாட். அழகி இல்லை, இளவரசி இல்லை, காதல் கிடையாது. இந்தியக் கடவுளின் சிலை ஒன்று வரும். அடிபட்ட கணவன் மனைவியைக் கொன்ற கதை வரும். பிணத்தைத் தின்பார்கள். 700 பக்கம், வண்ணம் இல்லை. எத்தனை பேர் சரி என்றிருப்பார்கள்? யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒருவர் தினசரி வேலையாக வரைந்துகொண்டே போனதால்தான் இது இருக்கிறது. வாரத்துக்குச் சில பக்கம், பல வருடங்கள். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் முடித்தார் என்பது. வெப்காமிக் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் பாதியில் நின்றுபோன தொடர்களின் ஒரு பட்டியல் மனதில் இருக்கும். கடைசிப் பதிவில் 'அடுத்த வாரம் சந்திப்போம்' என்று இருக்கும், அந்த வாரம் வரவே வராது. டிக்கருக்கு ஒரு முடிவு இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டே வந்த கடன்களையெல்லாம் அந்த முடிவில் அவள் அடைக்கிறாள். சிலதை அடைக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறாள்.

படிக்க நினைப்பவர்களுக்கு: போனில் வேண்டாம், மடிக்கணினியிலோ டேப்லெட்டிலோ படியுங்கள். எழுத்து பொடி. பிள்ளையார் வருகிற இடம் உங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் எட்டின் குகைவரை பொறுத்திருங்கள். அங்கேயும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், தவறில்லை. ஆங்கிலம் கடினமில்லை, எட்டின் பேச்சுக்கு மட்டும் கொஞ்சம் காது பழகவேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு இது இல்லை.

என் அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். அவளுக்குக் கொடுத்தேன். எட் பகுதியைப் படித்துவிட்டு இரவில் போன் செய்தாள். நான் எட்டின் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்தே கூப்பிட்டிருக்கிறாள். "சித்தி, அவன் செஞ்சது சரின்னு அந்தக் கூட்டம் விட்டிருந்தா, நாளைக்கு வேற யாராச்சும் காரணம் சொல்லிக் கொல்லமாட்டாங்களா?" என்று கேட்டாள். அதற்காகப் பெயரையே தின்பதா என்று நான் கேட்டேன். "பேர் போனாலும் உயிரோட விட்டாங்கல்ல?" என்றாள். உயிரோடு விட்டது தண்டனையா கருணையா என்று அரைமணி நேரம் பேசினோம், ஒத்துப்போகவில்லை. அவள் இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள். ஆறாம் பாகத்தை முடித்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.